மூன்றாவது மாடிக் காகிதப்பூ

பூவை எதற்குப் பறிப்பார்கள்? தலையில் வைக்க, சாமிக்குப் போட, இல்லாவிட்டால் விற்க. இந்த மூன்றும் இல்லாமல், அடுத்த வீட்டுச் செடியில் வருகிற பூவை எல்லாம் ஒருவர் தினமும் வெட்டிப் போட்டால்? ஏன் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

சுலைகாவின் அம்மா ரொஹானாவிடம் விடை தயாராக இருந்தது.

"பொறாமை! வேற என்ன?"

மலேசியாவின் ஈப்போ நகரில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கு ஐந்து மாடிகள். லிஃப்ட் கிடையாது. எந்த மாடியில் நின்றாலும் அதே சாம்பல் சுவர், அதே கம்பிக் கதவு, அதே மழைக்கறை. நான்காவது மாடிப் படிக்கட்டு மூலையில் மட்டும் ஒரு காகிதப்பூச் செடி இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும். கெக் லான் ஆண்ட்டி வளர்த்தது. போன வருஷம் அவரே அதிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, "நட்டு வை, உங்க மாடியும் அழகா இருக்கட்டும்" என்று சுலைகாவிடம் கொடுத்தார். மூன்றாவது மாடி மூலையில், பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் அது வேர் விட்டது.

இந்த மாதம்தான் முதல் பூ. அதுவும் சரியான நேரத்தில்! குடியிருப்போர் சங்கம் 'அழகான மாடி'ப் போட்டி வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்வையிட வருகிறார்கள். ஜெயிக்கிற மாடியின் பிள்ளைகளுக்கு லூமுட் கடற்கரைக்கு வேன் பயணம்.

சுலைகா இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

செடி பூத்த அன்றைக்கு ஒரு வேடிக்கையும் நடந்தது. ஆண்ட்டியின் கணவர் தியோங் அங்கிள் காபிக்கடையிலிருந்து திரும்பியவர், இவர்கள் வீட்டுக் கம்பிக் கதவில் சாவியைப் போட்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

"யாரு பூட்டை மாத்தினது?"

"அங்கிள், உங்க வீடு இன்னும் ஒரு மாடி மேல!" என்று ரொஹானா சிரித்தாள். இந்தக் கட்டடத்தில் மாடி மாறிப் போகாதவர் யார்? அவளே ஒருமுறை இரண்டாவது மாடி வீட்டுக்குள் நுழைந்து, மீன் பையை அவர்கள் சமையலறையில் வைத்துவிட்டு வந்தவள்தான்.

அடுத்த நாளிலிருந்து பூக்கள் காணாமல் போயின. நிறம் பிடித்த மொட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சனிக்கிழமை காலை, சுலைகா சன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தியோங் அங்கிள் செருப்பைத் தேய்த்தபடி காபிக்கடைக்கு இறங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, மேலேயிருந்து கத்தரிக்கோலோடு ஓர் உருவம் பூனைபோல இறங்கி வந்தது.

"அம்மா! ஆண்ட்டிதான்! ஆண்ட்டியேதான்!"

ரொஹானா அடுப்பிலிருந்த கரண்டியோடு வெளியே பாய்ந்தாள்.

"நல்லா இருக்கு ஆண்ட்டி! குச்சி குடுத்த கைதானே இது? உங்க மாடிதான் ஜெயிக்கணும்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! சின்னப் பிள்ளைகூடவா போட்டி?"

ஆண்ட்டியின் கை நிறைய இளஞ்சிவப்பு. முகம் கன்றிப்போயிருந்தது.

"இல்ல ரொஹானா... அது வந்து..."

"எதுவும் வர வேணாம். இன்னிக்கே சங்கத் தலைவர்கிட்ட சொல்றேன்."

"ஐயோ, சங்கத்துக்கு மட்டும் வேணாம்!"

அப்போது கீழே செருப்புச் சத்தம் கேட்டது. ஆண்ட்டி பதறிப்போய், அம்மாவையும் மகளையும் சேர்த்து அவர்கள் வீட்டுக்குள்ளேயே தள்ளி, தானும் நுழைந்து கதவை ஒருக்களித்தார்.

"என்ன ஆண்ட்டி, எங்க வீட்டுல எங்களையே—"

"ஷ்! என்னைப் பார்த்தார்னா இங்கயே நின்னுடுவார்."

மூவரும் இடுக்கு வழியே பார்த்தார்கள். தியோங் அங்கிள் மூச்சு வாங்க ஏறி வந்தார். மூன்றாவது மாடி மூலையில் நின்றார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். செடியைக் குனிந்து பார்த்தார். வெறும் பச்சை இலை. தலையை ஆட்டிக்கொண்டு, சாவியோடு மேலே ஏறினார்.

"ஆ! பூ! வந்தாச்சு, வந்தாச்சு" என்று மேலே குரல் கேட்டது. பிறகு பூட்டு திறக்கும் சத்தம்.

ஆண்ட்டி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"மாடி, நம்பர் எல்லாம் அவருக்கு மறந்துபோச்சு. பூ இருக்கிற மாடி நம்ம மாடி. அது மட்டும்தான் மனசுல நிக்குது. வெளிய தெரிஞ்சு மகன் காதுக்குப் போனா, வீட்டைவிட்டு இறங்கவே விட மாட்டான். தனியா போய்க் குடிச்சுட்டு வர்ற அந்த ஒரு காபிதான் அவருக்கு உலகம்." சுலைகாவின் பக்கம் திரும்பினார். "உன் பூவை வெட்டும்போதெல்லாம் மனசுக்குள்ள உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன், கண்ணு."

ரொஹானா கையிலிருந்த கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஒரு மாடி கீழதானே இருக்கோம். எங்ககிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

சுலைகா கதவைத் திறந்தாள். வெளியே போய்ப் பெயிண்ட் வாளியைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். கனத்தது.

"அம்மா, ஒரு பக்கம் பிடிங்க."

"எங்க கொண்டு போகணும்?"

"மேல."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் பார்வையிட வந்தபோது, மூன்றாவது மாடி மூலையில் ஒன்றும் இல்லை. நான்காவது மாடியில் இரண்டு செடிகள் இருந்தன.