கோகிலவாணி பெயரில் இருந்த பங்குகள்

அவர் சட்டைப் பையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது மனைவியுடையது.

மனைவி இறந்து, காரியமும் முடிந்துவிட்டது. போனுக்கு மட்டும் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

உடுமலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தப் பங்குத் தரகர் அலுவலகம். காலையில் சந்தை திறக்கிற நேரத்துக்கு வந்து உட்காருகிற பழைய ஆட்கள் சிலர் உண்டு. அவரும் அவர்களில் ஒருவர். காரியம் முடிந்தபின் இன்றுதான் வருகிறார்.

அடுத்த வாரம் தேர்தல். பேச்சு சூடாக இருந்தது.

நாச்சிமுத்து நூல் மில் நடத்தி மூடியவர். திருமூர்த்தி மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரிடமும் ஒரே காற்றாலைக் கம்பெனியின் பங்குகள் இருந்தன. இருந்தும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

"எதிர்க்கட்சி வந்துச்சுன்னா வீட்டுக்கு இலவச கரண்ட் யூனிட்டை ஏத்துவாங்க. அப்பறம் வாரியம் எங்கிருந்து காத்தாடிக்காரனுக்குக் காசு குடுக்கும்? பங்கு பாதியாப் போயிருமுங்க" என்றார் நாச்சிமுத்து.

"யாரு வந்தா என்னங்க? கோடையில கரண்ட் வேண்டாமா? காத்தாடிய நிறுத்திப்போட்டு எல்லாரும் விசிறியில வீசிக்குவாங்களா?"

"நீங்க வாரியத்துல இருந்தவரு. அப்படித்தான் சொல்லுவீங்க."

நாச்சிமுத்து தொகுதி தொகுதியாக எடுத்து வைத்தார். எந்த ஊர் யாருக்குப் போடும், எந்தத் தெரு இந்தமுறை மாறியிருக்கிறது, பெண்கள் ஓட்டு எந்தப் பக்கம் சாயும். ஒரு பெண்ணிடமும் கேட்டிருக்க மாட்டார். அதனால் அவருக்குச் சந்தேகமும் இல்லை.

மனைவியை இழந்தவர் அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். பேச்சு காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இந்தச் சண்டையில் அவர் குரல்தான் கீழே மருந்துக்கடைவரை கேட்கும்.

இப்போது எந்தக் கட்சி மேலும் கோபம் வரவில்லை. எதன் மேலும் எதுவும் வரவில்லை. எழவு வீட்டில்கூட அவர் அழவில்லை. வந்தவர்கள் தவறிட்டாங்க என்றார்கள், போயிட்டாங்க என்றார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் போனதைத் தன் வாயால் இதுவரை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

"நீங்க இன்னிக்கே வித்துப்போடுங்க்ணா" என்றார் நாச்சிமுத்து. "ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருந்தா முழுகிருவீங்க."

திருமூர்த்தி இதை மட்டும் மறுக்கவில்லை. அவருக்குப் பென்ஷன் இருக்கிறது. இந்த மனுஷனுக்கு அது இல்லை. சேர்த்தது முழுவதும் அதே காற்றாலைப் பங்குகளில்தான், அதுவும் வரிக்குப் பயந்து மனைவி பெயரில்.

விற்பதற்கு ஒரு முறை இருந்தது. இங்கே ஆர்டர் போட்டதும் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய போனுக்குக் கூப்பிடுவார்கள். அவர் தன் குரலில் சரி என்று சொல்ல வேண்டும். அது பதிவாகும்.

இத்தனை வருஷமும் அவள் அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவாள். எதை விற்கிறார், எதை வாங்குகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் இறந்தது தெரிந்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். வாரிசுச் சான்றிதழ் அது இது என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் பங்கு என்ன கதியாகுமோ.

"அதுக்கென்னங்க, நம்ம சுகந்தி பேசட்டும்" என்றார் நாச்சிமுத்து.

சுகந்தி அந்த அலுவலகத்தில் கணினியில் ஆர்டர் போடுகிறவள். அவளும் பெரிதாக யோசிக்கவில்லை. எங்கும் நடக்கிறதுதான்.

"குடுங்க சார். ஒரு வார்த்தைதானே."

அவர் தலையாட்டினார். அவள் ஆர்டர் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் போன் அடித்தது. எடுத்துக் கொடுத்தார். சுகந்தி எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம். கோகிலவாணி மேடமா?" என்றது சென்னையிலிருந்து ஒரு பெண் குரல்.

"ஆமாங்க. நான் கோகிலவாணிதான் பேசறேன்."

சுகந்தி நிதானமாகத்தான் சொன்னாள். பிசிறில்லாத குரல்.

அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இத்தனை நாளில் முதல் தடவையாக வலித்தது.

போனைப் பிடுங்கினார்.

"அது அவ இல்லைம்மா. கோகிலவாணி செத்துட்டா."

சுகந்திக்கு முகம் வெளிறிப்போனது.

"ஏனுங்க்ணா, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். திருமூர்த்தி போனைப் பிடித்திருந்தவர் தோளில் கை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.



சென்னைப் பெண், எழுதி வைத்ததைப் படிக்கிற குரலை விட்டுவிட்டு, "எப்ப சார்?" என்றாள்.

போனது போனதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. இனி மாதக்கணக்கில் இந்தப் பங்கை அவரால் தொட முடியாது. அந்தப் பெண் இணைப்பைத் துண்டித்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.

"போன மாசம்மா" என்றார். "மத்தியானம் சாப்பிட்டு உக்காந்திருந்தோம். டிவில இதே தேர்தல் பேச்சு. இந்தத் தடவை உன் ஓட்டு யாருக்குப் புள்ளேன்னு கேட்டேன். அவ நான் காட்டற சின்னத்துக்குத்தான் போட்டுட்டிருக்கான்னு நெனச்சுட்டு, சும்மாதான் கேட்டேன்."

மூக்கை உறிஞ்சினார்.

"அதெல்லாம் உங்ககிட்டச் சொல்ல முடியாதுன்னு சிரிச்சாம்மா. அப்படியே சாஞ்சுட்டா."

அந்தப் பெண் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"யாருக்குன்னு சொல்லவே இல்லைம்மா."