தள்ளி வைத்த ஊர்

"ஊரு ஆளைத் தள்ளி வைக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ ஊரையே தள்ளி வச்சிருக்கியேம்மா" என்றார் மேலாளர்.

விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பழைய வரைபடத்தின் மேல் பொருத்துவது அவள் வேலை. தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட மூலை, முச்சந்தி என்று அசையாத இடங்களாகப் பார்த்து, இரண்டிலும் புள்ளி குத்த வேண்டும். ஓடைக்கு மேற்கே எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. கிழக்கே இருந்த அவளுடைய ஊர் மட்டும் மூன்றடி விலகி நின்றது.

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன் சார்."

"தள்ளு, நான் பாக்கறேன்."

அவர் குத்தியும் அதே மூன்றடி. மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"இது எப்ப எடுத்த படம்?"

"நிலநடுக்கத்துக்கு மறுநாள் சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தொட்டி, பள்ளிக்கூடம், தெருக்கள், மொட்டைமாடிக் கொடியில் காயும் புடவையோடு அம்மாவின் வீடு, எல்லாம் வரிசை கலையாமல் நிலத்தோடு சேர்ந்து மூன்றடி வடக்கே போயிருந்தன.

அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, வீடு எப்படியிருக்கு?"

"எத்தனை தடவைடி கேப்பே? சுவத்துல ரெண்டு விரிசல், அவ்வளவுதான். மத்தபடி இருந்த இடத்தைவிட்டு இம்மிகூட நகரல."