நாக்கின் மேல் ஒரு முத்திரை

அட்டையில் ஒரு சிறுமி நாக்கை நீட்டிக்கொண்டிருப்பாள். ‘பிள்ளைகள் கெட்டுப்போகும்’ என்ற நடுவர் குழுத் தலைவரோடு மல்லுக்கட்டித்தான், நடுவர்களில் ஒருத்தியான ஜெசிந்தா அந்தக் கதைப் புத்தகத்துக்குப் பரிசு வாங்கித் தந்திருந்தாள். புத்தகக் காட்சிக்கு வந்து பார்த்தால், எல்லாப் பிரதிகளிலும் வட்டமான தங்க நிறப் பரிசு முத்திரையை அந்த வாயின் மேலேயே ஒட்டியிருந்தார்கள்.

“தலைவர்தான் அங்க ஒட்டச் சொன்னாரு மேடம்,” என்றார் கடைக்காரர்.

ஜெசிந்தா ஒரு பிரதியை எடுத்து முத்திரையின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

“பிய்க்காதீங்க. அது இல்லன்னா யாரும் வாங்க மாட்டாங்க.”

அம்மாவோடு நின்றிருந்த ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். முத்திரை உரிய உரியச் சிவப்பு நாக்கு வெளியே வந்தது. அவளும் தன் நாக்கை நீட்டினாள்.

“எனக்கு இதுதான் வேணும்.”

“பரிசு வாங்கின புக்கா பாத்து எடுடி,” என்றாள் அம்மா.

ஜெசிந்தா புத்தகத்தைச் சிறுமியின் கையில் கொடுத்தாள். முத்திரை ஜெசிந்தாவின் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கடையின் பின்பக்கம் பரிசளிப்பு விழாவின் ஆளுயரப் பேனர். அதில் தலைவர் மைக்கின் முன்னால் வாயைத் திறந்திருந்தார். ஜெசிந்தா போய் முத்திரையை அந்த வாயின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள்.

அளவு கச்சிதமாக இருந்தது.