பெட்டி ஜெல்லிமீன் கொட்டிய இடம்

சவுக்கால் விளாசியது போல் இரண்டு கைகளிலும் சிவந்த வரிகள். அவசர சிகிச்சைப் பிரிவே அதிர நான் அலறிக்கொண்டிருந்தேன்.

"பெட்டி ஜெல்லிமீன், டாக்டர்! இதயத்தையே நிறுத்திடும். இந்த விஷத்தைத்தான் காலமெல்லாம் ஆராய்ச்சி பண்றேன்!"

"பயப்படாதீங்க. துடிப்பு சீராத்தான் இருக்கு. உடனே வினிகர் ஊத்தினது நல்லதாப் போச்சு."

"நான்தான் ஊத்தினேன்" என்றாள் என் மனைவி.

டாக்டர் போனை எடுத்தார். "எந்தக் கடற்கரை சார்? குழந்தைங்க குளிச்சிட்டிருப்பாங்க. உடனே மூடச் சொல்லணும்."

நான் மனைவியின் பக்கம் திரும்பினேன்.

"சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"கடற்கரை இல்ல டாக்டர். எங்க வீட்டுக் குளியலறை. என் டைவிங் சூட்டை அலசினேன். ஜெல்லிமீனோட கொட்டுற இழை ஒண்ணு அறுந்து அதுல ஒட்டிட்டிருந்திருக்கு. அறுந்தாலும் அது கொட்டும்." முகத்தில் அசடு வழிந்தது. "எப்பவும் இவதான் அலசுவா. இன்னிக்குத்தான் ஏதோ நல்ல புத்தி வந்து நானே..."

டாக்டர் என் மனைவியிடம் திரும்பினார். "உங்களை எப்படிம்மா இத்தனை நாள் கொட்டாம இருந்துச்சு?"

"நான் கையுறை போடாம அதைத் தொடவே மாட்டேன் டாக்டர். இவர் எழுதின புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு!"