பாவுக்குள் புகுந்த கார்

"ஐயோ, போச்சே! என் பாவு போச்சே!"

பாவுக்குப் பூசும் கஞ்சிச் சட்டியோடு வாசலுக்கு வந்த அம்சவேணி, சட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டாள்.

தெருவின் ஒரு பக்கமாக நீளத்துக்கும் இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவு, பாதியில் அறுந்து கிடந்தது. தறியில் ஏற்ற வேண்டிய, மூன்று கல்யாணப் புடவைக்கான நெடுக்கு இழை. அறுந்ததெல்லாம் ஒரு வெள்ளைக் காரின் முன்சக்கரத்தில் சிக்கிச் சுற்றிக் கிடந்தது. காரின் மூக்கு விளக்குக் கம்பத்தில் மோதி நசுங்கியிருந்தது.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றாள். டீ வாங்கிவரப் போயிருந்த புருஷன் நமச்சிவாயம், அம்சவேணிக்கும் முன்னால் அங்கே வந்து நின்றிருந்தார்.

அம்சவேணி அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள்.

"ஏம்மா, இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கே? முதலாளி வூட்டுப் பட்டுமா இது! கல்யாணத்துக்குத் தேதி சொல்லிக் குடுத்த ஆர்டரு! நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"சாரி ஆன்ட்டி. என் தப்புதான்."

"சாரி சொன்னா இழை ஒட்டிக்குமா?" என்றாள் எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி. அதற்குள் தெருவே கூடிவிட்டது. "பாவு போட்டிருந்தா வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கினு போறதுதான் எங்க தெரு வழக்கம். காருன்னா ஓரமா ஊர்ந்துக்கினு போவணும். இது இன்னா பந்தயம் வுடுற எடமா?"

"அதைக் கேளும்மா!" நமச்சிவாயத்தின் குரல் தெருமுனை வரை கேட்டது. "மீசை முளைக்காத பசங்க, சடை பின்னத் தெரியாத பொண்ணுங்க, எல்லார் கையிலயும் ஒரு சாவி! கேட்டா காலேஜுக்கு லேட்டாயிடுச்சாம்!"

பெண் தலைகுனிந்தாள். பெயர் திரிஷாவாம். செவிலிமேட்டிலிருந்து ஏனாத்தூர் காலேஜுக்குப் போகிறவள். பெரிய ரோட்டில் உற்சவப் பந்தல் போட்டு அடைத்திருந்ததால் இந்தத் தெருவழியாக வந்திருக்கிறாள்.

சற்று நேரத்தில் அவள் அப்பா தேவசகாயம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். டைல்ஸ் கடைக்காரர். காரைப் பார்த்தார், பாவைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"உனக்கு அடி ஒண்ணும் படலையே?"

"இல்லப்பா."

"அப்ப நல்லாக் கேட்டுக்க. புதுசா ஓட்டுற பொண்ணாச்சேன்னு முப்பதாயிரம் கட்டி பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் எடுத்து வெச்சேன். இப்ப கிளெய்ம் போட்டா போனஸ் போச்சு. அடுத்த வருஷம் இதுக்கு மேல கட்டணும். எவன் கட்டுறது?"

"சாரிப்பா."

"சின்ன வயசுக்காரங்களுக்கு இன்னும் பத்து மடங்கு வாங்கணும் சார்!" நமச்சிவாயம் இடையில் புகுந்தார். "அப்பதான் பயம் இருக்கும். பயம் இல்லாததாலதானே இப்படி அடுத்தவன் வயித்துல அடிக்கிறாங்க!"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அம்சவேணிக்கே அந்த நேரத்தில் புருஷனை நினைத்துப் பெருமையாக இருந்தது. வீட்டில் வாய் திறக்காத மனுஷன், இன்றைக்கு நியாயம் கேட்கிறாரே!

தேவசகாயம் கையை நீட்டினார். பெண் சாவியைக் கொடுத்தாள்.

"நாளையிலருந்து பஸ்ஸுல போ. காருன்னு வாயைத் திறக்காதே." பிறகு நமச்சிவாயத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, கோர்ட்டு கேசுன்னு இழுக்க வேணாம். பாவுக்கு நான் பொறுப்பு. வாங்க, உங்க முதலாளியைப் பார்த்துப் பேசிடுவோம்."

இருவரும் நடக்க, கூட்டமும் பின்னாலேயே போனது. 'பொண்ணைப் பெத்தா மட்டும் போதாது சார், வளர்க்கணும்' என்று நமச்சிவாயம் புத்தி சொல்லிக்கொண்டே போவது கேட்டது.

அம்சவேணி சக்கரத்தடியில் உட்கார்ந்து இழைகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். கண்ணீரில் இழையே தெரியவில்லை. திரிஷாவும் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

"இழுக்காதே. மெதுவா எடு." அம்சவேணிக்கு மனசு ஆறவில்லை. "ஏம்மா, உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்குது? எம்மாம் பெரிய பாவு, தெரியலையா?"

"தெரிஞ்சுது ஆன்ட்டி."

"தெரிஞ்சேவா உள்ள வுட்டே?"

திரிஷா குனிந்து இழையையே பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குறேன் இல்ல? தெரிஞ்சே பாவுப் பக்கம் திருப்புனியா?"

"திருப்பலைன்னா அங்கிள் மேல ஏறியிருக்கும் ஆன்ட்டி."

"எந்த அங்கிள்?"

திரிஷா, தெருமுனையில் குரல் கேட்ட திசையைப் பார்த்தாள்.

அம்சவேணியின் கையிலிருந்த இழை நழுவியது.

"ஒரு கையில டீ தூக்கு, இன்னொரு கையில ஹேண்டில் பார். மொபெட்ல ராங் சைடுல வேகமா வந்துட்டாரு. அந்தப் பக்கம் சுவரு. இந்தப் பக்கம் பாவு. வேற வழி தெரியல."

"இந்தத் தெருக்காரரே... வண்டியில இருந்து இறங்காம..." அம்சவேணி திரிஷாவின் பக்கம் திரும்பினாள். "இதை ஏம்மா உங்கப்பாகிட்ட சொல்லல?"

"அங்கிள்தான் முதல்ல ஓடி வந்து கதவைத் திறந்தாரு. அப்ப யாருமே வரல. 'என் வண்டிக்கு இன்சூரன்சும் இல்ல, எனக்கு லைசென்சும் இல்ல. போலீசு வந்தா என் குடும்பம் நடுத்தெருவுலதான் நிக்கும். உனக்கு எல்லாம் இருக்குமே, நீயே ஏத்துக்கம்மா'ன்னு கையைப் புடிச்சிக்கினு அழுதாரு. பாவமா இருந்துது. சரின்னுட்டேன்."

தெருமுனையில் நமச்சிவாயத்தின் குரல் இன்னும் ஓங்கி ஒலித்தது.

திரிஷா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்படித் திட்டுவேன்னு மட்டும் சொல்லவே இல்ல ஆன்ட்டி."