சத்தம் போடாத ஃபேன்

பழைய ஃபேனை அவள் கழற்றவில்லை. பிடுங்கினாள்.

கடைசி ஸ்குரூ துருப்பிடித்து அசைய மறுத்தது. திருப்புளியை இடுக்கில் கொடுத்து ஒரே நெம்பு. பிளாஸ்டிக் சட்டம் படாரென்று பிளந்து, இன்வெர்ட்டரின் வயிற்றுக்குள் கிடந்த கறுப்புத் தூசு அவள் முகத்தில் வந்து அடித்தது.

உடைந்த ஃபேனைக் கையில் வைத்துப் பார்த்தாள். அக்கா புருஷனின் தாடையை இப்படிப் பெயர்த்தெடுத்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. நன்றாகத்தான் இருக்கும்.

“மெதுவாடி. அது உன்னை என்ன பண்ணுச்சு?” என்றாள் பின்னால் நின்றிருந்த அக்கா.

அது ஒன்றும் பண்ணவில்லை. பண்ணினவன் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரில் இருந்தது அந்த சோலார் இன்வெர்ட்டர். வெயில் ஏற ஏற அதன் இரண்டு ஃபேன்களும் பேரிங் தேய்ந்த தொண்டையோடு கத்த ஆரம்பிக்கும். பொழுது சாயும்வரை ஓயாது. கூடத்தில் ஆள் செத்து விழுந்தாலும் சமையலறைக்குக் கேட்காது.

“இந்தச் சத்தத்துல மனுஷன் இருப்பானா?” என்று கேட்டுவிட்டு, போன வாரம் அக்கா புருஷன் அக்காவைச் சுவரோடு வைத்து அடித்தான். நியாயமாக இன்வெர்ட்டரைத்தான் அடித்திருக்க வேண்டும். அது திருப்பி ஷாக் அடிக்கும். அக்கா அடிக்க மாட்டாள்.

அதற்கு முந்தைய அடியில் இடது காது போயிற்று. ஒரே அறை. சவ்வு கிழிந்து, ரத்தம் கழுத்துவரை வடிந்தது. சளி பிடித்துக் காதில் சீழ் வைத்துவிட்டது என்று சொந்தக்காரர்களிடம் சொன்னாள் அம்மா. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அக்காவிடம் சொன்னதும் அம்மாதான். இடது பக்கம் நின்று சொன்னாள். அது ஒன்றுதான் ஆறுதல்.

அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள். எலெக்ட்ரிகல் படித்துவிட்டு சோலார் கம்பெனியில் சர்வீஸ் வேலை. “டிகிரி வாங்கி ஸ்குரூ கழட்டுறாளா உன் தங்கச்சி?” என்று சாப்பிடும்போது அக்கா புருஷன் சிரிப்பானாம். அக்கா பரிமாறிக்கொண்டே இருப்பாளாம்.

அக்கா ஃபோன் பண்ணியபோது, ‘வந்து என்னைக் கூட்டிட்டுப் போ’ என்று சொல்லத்தான் பண்ணுகிறாள் என்று நினைத்து இவள் எழுந்தே நின்றுவிட்டாள். அக்கா கேட்டது வேறு.

“அந்த ஃபேனை மாத்திக் குடுடி. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

வீடு பற்றி எரியும்போது ஜன்னலுக்குத் திரை மாற்றச் சொல்கிற கதை.

வந்ததிலிருந்து அந்தக் கோபம்தான் கையில் இருந்தது. ஃபேனில் கை வைக்கும் முன்பே பேனல் சுவிட்சை அணைத்தாள். பேட்டரி சுவிட்சை அணைத்தாள். உள்ளே தேங்கிய கரண்ட் வடியும்வரை காத்திருந்து மீட்டர் வைத்துப் பார்த்தாள். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் தானும் ஒரு அறை விட்டுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

இப்போது, காற்று வெளியே போகும் பக்கம் பார்த்துப் புது ஃபேன்களை வைத்து முடுக்கினாள். சுவிட்சுகளைப் போட்டு, ஃபேன் ஓடுமளவு இன்வெர்ட்டருக்குப் பாரம் கொடுக்க இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள். ஃபேன் சுற்றுகிறதா என்றே தெரியவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தபோது படபடத்தது.

“போதுமா? மகாராணி இனிமே நிம்மதியா அடி வாங்கலாம்.”

அக்கா சமையலறைக்குள் போய் அடுப்பைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

“போய் வாசல் கேட்டைத் திறந்து மூடு.”

இவள் போய்த் திறந்து மூடினாள்.

“அப்படி இல்லடி. அவர் திறக்கிற மாதிரி. மெதுவா.”

அவன் மத்தியானத்தில் சொல்லாமல் வருவான். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வருவான். பொண்டாட்டி ஃபோனில் எவனோடு பேசுகிறாள் என்று கையும் களவுமாகப் பிடிக்க. ஒரு நாளும் பிடித்ததில்லை. அதற்கும் அடிப்பான்.

இவள் கொண்டியை விரலால் தாங்கித் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடினாள். திரும்பி வந்தபோது அக்கா வலது காதை வாசல் பக்கம் சாய்த்தபடி நின்றிருந்தாள்.

“கேக்குது,” என்றாள். அந்த முகம் அவ்வளவு தெளிந்து இவள் பார்த்ததே இல்லை.

வந்ததிலிருந்து இருந்த கோபம் சட்டென்று இறங்கியது. இதற்காகவா ஃபேன்? அவன் வருவது காதில் விழவேண்டும் என்றா?

“அக்கா, சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியா ஓடிடுவல்ல?”

“எதுக்கு ஓடணும்?” என்றாள் அக்கா. “எவ்வளவு பதுங்கி வந்தாலும் செருப்பைக் கழட்டி, வாசல் குழாய்ல கை கால் கழுவி, துடைச்சுட்டுத்தான் உள்ள வருவார். சுத்தக்காரர். எண்ணெய் காயறதுக்கு அந்த நேரம் போதும்ல?”

அடுப்பில் பெரிய வாணலி இருந்தது. பாதிவரை எண்ணெய். பொரிப்பதற்கு என்று எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை.

இவள் வாணலியை விரலால் சுண்டிப் பார்த்தாள். அடிகனம். காய நேரமெடுக்கும். இரண்டு பக்கமும் வளையம் வேறு, ஒரு கையால் தூக்க முடியாது.

அலமாரியைத் துழாவி, மெல்லிசான சின்ன வாணலி ஒன்றை எடுத்தாள். நீளக் கைப்பிடி உள்ளது. பிடித்து அசைத்துப் பார்த்தாள். லேசாக ஆடியது.

திருப்புளியை எடுத்து, ஆட்டம் நிற்கும்வரை முடுக்கி, அக்காவிடம் கொடுத்தாள்.