எண்ணத் தெரிந்தவர்

"என் வீட்டுக்காரர் சீட்டை எண்ணி ஆடுறாருங்க. அவரை இனிமே உள்ள விடாதீங்க."

1979 பிப்ரவரி 12, திங்கட்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றின் மாடியறையில் ஆர்லீன் இந்தப் புகாரைக் கொடுத்தாள். மோட்டலில் பதினெட்டு அறைகளுக்குப் படுக்கை விரித்துவிட்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னதே பெரிதாக இருந்தது.

மேலாளர் லெஸ்டர் பெயரைக் கேட்டார். டெல்மர் என்றாள்.

"லாரி ஓட்டுறாரே, அந்த டெல்மரா? அவருக்கு எண்ண வராதும்மா."

ஆர்லீன் நம்பவில்லை. ஆறு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் சீட்டுக்கட்டைப் பரப்பி, பெரிய சீட்டு எத்தனை போயிற்று, எத்தனை பாக்கி என்று மனக்கணக்குப் போட்டுப் பழகுகிற மனிதர் அவர்.

வீட்டில் வரும், இங்கே வராது என்றார் லெஸ்டர். பல பேருக்குச் சொல்லிச் சலித்த குரல். பானம் கொண்டு வரும் பெண் என்ன வேண்டும் என்று கேட்டால் போதும், டெல்மருக்குக் கணக்கு விட்டுப்போகும். அப்புறம் எல்லோரையும் போலத்தான். ஐந்து தடவை தோற்றால் ஆறாவது ஜெயித்தே தீரும் என்று பந்தயத்தை இரட்டிப்பார். அதுவும் போனால், கடைசி நாற்காலிக்காரர் தேவையில்லாமல் ஒரு சீட்டு வாங்கியதால்தான் ஆட்டம் கெட்டது என்று சண்டைக்குப் போவார். நிஜமாக எண்ணி விடுதியையே ஜெயிக்கத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். அவர்களை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"தனக்கு எண்ணத் தெரியும்னு நினைக்கிறவங்களாலதான் இந்தக் கட்டடமே நிக்குது. அவங்களை நாங்க ஏம்மா விரட்டணும்?"

ஆர்லீன் அழவில்லை. சொந்த வீடு போன வருஷமே போய்விட்டது, லாரி ஒன்றுதான் மிச்சம், அதுவும் போனால் அடுப்பு எரியாது என்று மட்டும் சொன்னாள்.

லெஸ்டர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"சரி, நிறுத்திடுறேன். என்ன காரணம் சொல்றது? உங்களுக்கு ஆடத் தெரியலைன்னு அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாங்க, மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு. நிஜமா எண்ணுறவங்ககிட்ட என்ன சொல்லுவீங்களோ, அதையே சொல்லிடுங்க."

செவ்வாய்க்கிழமை டெல்மர் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினார். மேலாளரே வாசல்வரை வந்து, நீங்கள் எங்களுக்கு மிஞ்சிய கெட்டிக்காரர், இனி இங்கே ஆட வேண்டாம் என்று சொன்னதை மூன்று தடவை சொன்னார். கோபமே இல்லை. இரண்டு தட்டு பீன்ஸ் சாப்பிட்டார். சீட்டுக்கட்டைத் தொடவில்லை. ஆர்லீன் பாத்திரம் கழுவியபடி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது, டெல்மர் சவரம் செய்து, பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் லாரி இல்லை.

"உன்கிட்ட சொல்லல, ஆர்லீன். நமக்கு இது வராது போலிருக்கு, இந்த மாசத்தோட விட்டுடலாம்னு இருந்தேன். நல்லவேளை, அந்த மேலாளர் கண்ணைத் திறந்துட்டார்."

லாரி விற்ற பணத்தோடு அவர் மாலை ஐந்து மணி பஸ்ஸில் லாஸ் வேகஸுக்குப் போனார்.